முந்தி விண்ணப்பித்தால் சீட்டு கிடைக்குமா? கொங்குப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிச் சேர்க்கை வழிகாட்டி

மே மாதம் பிறந்துவிட்டால் கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே விசாரிப்புதான்: "அப்ளிகேஷன் போட்டாச்சுங்களா?" போடாதவர்களுக்குப் பதற்றம். போட்டவர்களுக்கோ, பக்கத்து வீட்டுப் பையன் நமக்கு முன்னாலேயே போட்டுவிட்டானே என்று இன்னொரு பதற்றம். வீட்டிலிருந்து முதல் ஆளாக ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போகும் குடும்பங்களில் இது இன்னும் கூடுதலாக இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளப் படித்த அண்ணனோ அக்காவோ இருக்க மாட்டார்கள். விசைத்தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் தோட்டத்துக்கும் போய்வரும் பெற்றோருக்கு இந்த நடைமுறைகள் எல்லாம் புதிது. யார் என்ன சொன்னாலும் நம்பிவிடும் நேரம் அது.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சீக்கிரம் விண்ணப்பித்தால் வாய்ப்பு கூடுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. சில சேர்க்கைகளில் தேதிக்கு எந்த மதிப்பும் இல்லை. சிலவற்றில் தேதிதான் எல்லாம். இன்னும் சிலவற்றில் முந்திக்கொண்டால் கைக்காசுதான் போகும். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

முதல் படி: சீட்டை எதை வைத்துக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள்

எந்தக் கல்லூரிக்கு, எந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: வரிசையை முடிவு செய்வது மதிப்பெண்ணா, வந்த தேதியா, கட்டும் பணமா? அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு என்றால் மதிப்பெண். தனியார் கலை அறிவியல் கல்லூரியின் சுயநிதிப் பிரிவு, அதாவது அரசு உதவி இல்லாமல் கட்டணத்தை வைத்தே கல்லூரி நடத்தும் வகுப்பு என்றால் பெரும்பாலும் மதிப்பெண்ணும் தேதியும் சேர்ந்து. நிர்வாக ஒதுக்கீடு, அதாவது கல்லூரியே நேராக நிரப்பிக்கொள்ளும் மேனேஜ்மெண்ட் கோட்டா என்றால் பணமும் தேதியும். விண்ணப்பம் வாங்கும் இடத்திலேயே இதைக் கேட்டுவிடலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. தெளிவாகப் பதில் சொல்லாமல் "முதலில் அட்வான்ஸ் கட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று ஒருவர் சொன்னால், அது எந்த வகை என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் படி: பொறியியல் கலந்தாய்வில் தேதி எங்கே வருகிறது என்று பாருங்கள்

நம் பக்கத்தில் அதிகம் பேர் போவது பொறியியலுக்கு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையை 2018 வரை அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. கோயம்புத்தூர் ஜிசிடி, பிஎஸ்ஜி டெக், சிஐடி, குமரகுரு, பெருந்துறை கொங்கு, சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன், சேலம் அரசு பொறியியல் கல்லூரி என்று நம் பிள்ளைகள் ஆசைப்படும் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் எல்லாம் இதன் வழியாகத்தான் நிரம்புகின்றன. சிறுபான்மையல்லாத தனியார் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தை இந்தக் கலந்தாய்வுக்குத் தர வேண்டும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம்.

வரிசை எப்படி வருகிறது? கணக்கு 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200-க்குக் கட் ஆஃப். ஒரு மாணவி கணக்கில் 96, இயற்பியலில் 90, வேதியியலில் 88 எடுத்திருந்தால் 96, 45, 44 என்று கூட்டி அவளுடைய கட் ஆஃப் 185. அதே 185-இல் இன்னும் பல பேர் இருப்பார்கள். அப்போது முதலில் கணக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதுவும் ஒன்றாக இருந்தால் இயற்பியல், பிறகு விருப்பப் பாடம் என்று மற்ற மதிப்பெண்கள், அப்புறம் பிறந்த தேதி. வயதில் மூத்தவருக்கு முன்னிடம். அதிலும் தீராவிட்டால்தான் கடைசியாக ரேண்டம் எண், அதாவது குலுக்கல் போலக் கணினி போடும் எண், அதில் பெரிய எண் உள்ளவர் முன்னால் வருவார்.

இந்த வரிசையில் விண்ணப்பித்த தேதி எங்கேயும் இல்லை. ரேண்டம் எண்ணையும் விண்ணப்பம் போடும்போது கொடுப்பதில்லை. விண்ணப்பக் காலம் முழுக்க முடிந்த பிறகு எல்லாருக்கும் ஒரே நாளில் கணினி கொடுக்கும். 2025-இல் மே 7 முதல் ஜூன் 6 வரை விண்ணப்பம் வாங்கினார்கள், ஜூன் 11 அன்று ரேண்டம் எண் வந்தது, ஜூன் 27 அன்று தரவரிசைப் பட்டியல் வந்தது. மே 7 காலையில் விண்ணப்பித்தவருக்கும் ஜூன் 6 மாலையில் விண்ணப்பித்தவருக்கும் அந்தப் பட்டியலில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் முதல் வண்டியில் வந்த மூட்டை என்பதற்காக யாரும் கூட விலை கேட்பதில்லை, மஞ்சளைப் பார்த்துத்தான் விலை. இங்கேயும் அதே கணக்குதான்.

கலந்தாய்வு தொடங்கியதும் கல்லூரியையும் பாடப்பிரிவையும் தேர்ந்தெடுத்துப் பட்டியல் போட வேண்டும். உங்கள் தரவரிசை எந்தச் சுற்றில் வருகிறதோ அந்தச் சுற்றுக்கு மூன்று நாள் கொடுப்பார்கள். அங்கேயும் முதல் மணி நேரத்தில் போட்டால் முன்னுரிமை என்று ஒன்று கிடையாது. மூன்றாம் நாள் மாலை 5 மணிக்குப் பட்டியல் பூட்டிக்கொள்ளும், அப்போது என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. அதனால் முதல் நாளே ஒரு பட்டியலைப் போட்டு வைத்துவிட்டு, இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்து பேசி, திருத்திக்கொள்ளுங்கள். கடைசி மாலையில் தொடங்குகிறவர்களைத்தான் மின்வெட்டும் நெட்வொர்க்கும் பழிவாங்கும்.

பட்டியலில் எத்தனை இடம் வேண்டுமானாலும் போடலாம், உச்சவரம்பு கிடையாது. முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் எந்தக் கட் ஆஃப் வரை இடம் கிடைத்தது என்ற விவரம் சேர்க்கை இணையதளத்திலேயே வகுப்புவாரியாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, கிடைக்குமா என்று சந்தேகமாக இருக்கும் இடங்களை மேலேயும், கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை நடுவிலும், கட்டாயம் கிடைக்கும் என்று தோன்றும் இடங்களைக் கீழேயும் வையுங்கள். ஆசைப்படும் கல்லூரியைக் கீழே போட்டுவிட்டு, கிடைக்கும் என்பதற்காக வேறொன்றை மேலே போடுவது கூடாது. மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கணினி அதற்குக் கீழே பார்க்காது. கல்லூரியின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம், நான்கு இலக்கக் குறியீட்டையும் சரிபாருங்கள். ஜிசிடி 2005, பிஎஸ்ஜி டெக் 2006, சிஐடி 2007 என்று எண்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒரே நிறுவனத்தார் நடத்தும் வேறு வேறு கல்லூரிகளுக்குப் பெயரும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அவசரத்தில் ஓர் எண் மாறினால் நான்கு வருடம் வேறு கல்லூரி.

மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு அதன் தரவரிசை. இரண்டிலும் விண்ணப்பத் தேதி இடத்தைத் தீர்மானிப்பதில்லை.

மூன்றாம் படி: விண்ணப்பத்துக்கு முந்த வேண்டாம், சான்றிதழுக்கு முந்துங்கள்

தேதிக்கு மதிப்பில்லை என்றால் கடைசி நாள் போட்டால் போதுமா? போதாது. விண்ணப்பம் போட அரை மணி நேரம் ஆகும், அதற்கு வேண்டிய காகிதங்கள் சேர்வதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகும். முந்துவதால் கிடைக்கும் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது.

காங்கேயத்தில் ஓர் இ-சேவை மையத்தில் மே மாதக் கடைசியில் பார்த்தது. ஓர் அம்மா, மகளோடு வந்து நின்றார். முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கணினி முன்னால் இருந்த பையன் ஆதாரையும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா, ஆதார்ல அப்பா பேரு செல்வராசுன்னு இருக்குதுங்க. டிசில செல்வராஜ், இனிசியலும் வேறைங்க. இப்படியே போட்டா விஏஓ திருப்பி அனுப்பிருவாருங்க."

"நாலு நாள்ல கடைசித் தேதிங்கறாங்க. இப்ப என்னுங் தம்பி பண்றது?"

அந்தப் பெண் எதுவும் பேசவில்லை, கையிலிருந்த பிளாஸ்டிக் உறையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். ஆதாரில் திருத்தம் செய்து, அது ஏறிய பிறகு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும் என்று அந்தப் பையன் பொறுமையாகச் சொன்னான். ஜனவரியில் வந்திருந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை.

அதனால் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் பொங்கல் முடிந்ததும் ஒரு நாள் உட்காருங்கள். ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்து, பிள்ளையின் பெயர், இனிசியல், அப்பா பெயர், பிறந்த தேதி நான்கும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஊர் முதலெழுத்தையும் அப்பா முதலெழுத்தையும் சேர்த்துப் போடும் பழக்கம் நம் பக்கம் அதிகம். ஒன்றில் இரண்டு எழுத்து, இன்னொன்றில் ஓரெழுத்து என்று இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்றவற்றை மாற்றிக்கொள்வதுதான் எளிது.

வருவாய்த் துறைச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஒன்றுக்கு 60 ரூபாய் சேவைக் கட்டணம். முதல் தடவை என்றால் குடிமக்கள் கணக்கு எண் ஒன்று பதிந்து கொடுப்பார்கள். அதில் ஏறும் கைப்பேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகம் போகும். பழங்குடியினர் சான்று கோட்டாட்சியர் வரை போகும் என்பதால் அதற்கு இன்னும் முன்னாலேயே தொடங்க வேண்டும். சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் பொதுப்பிரிவில் மட்டும்தான் இடம் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு மொத்தம் 69 சதவீதம் இருக்கும்போது, ஒரு காகிதம் வராததால் பொதுப்பிரிவில் மட்டும் நிற்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் பட்டதாரிச் சான்று, குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்பதற்கு. அக்காவோ அண்ணனோ பட்டம் பெற்றிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் இதைக் காட்டிக் கல்விக் கட்டணத்தில் சலுகை பெறலாம். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று வேண்டியதில்லை. பாலக்காடு, சித்தூர் பக்கமோ பெங்களூரிலோ நடுவில் சில வருடம் படித்த பிள்ளைகள் அதையும் வாங்கி வைக்க வேண்டும்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்தில் 2020-இலும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021-இலும் வந்தது. அதில் சேரும் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதற்கு, படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும். நடுநிலைப் பள்ளி ஓர் ஊரில், மேல்நிலைப் பள்ளி இன்னோர் ஊரில் என்றால் கோடை விடுமுறையில் தலைமையாசிரியரைத் தேடி அலைய வேண்டிவரும். ஏப்ரலுக்குள் வாங்கிவிடுங்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்கள் இந்த ஒதுக்கீட்டில் வர மாட்டார்கள், இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது.

காகிதம் தயாராக இருந்தால் விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே போட்டுவிடலாம். தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2025-இல் விண்ணப்பம் தொடங்கிய மறுநாள்தான் பிளஸ் டூ முடிவே வந்தது. மாநிலப் பாடத்திட்ட மதிப்பெண் அரசுத் தேர்வுத் துறையிலிருந்து நேரே வந்துவிடும். சிபிஎஸ்இ முடிவு தள்ளிப்போனாலும் பயப்பட வேண்டியதில்லை. 2022-இல் சிபிஎஸ்இ முடிவு ஜூலை 22-இல்தான் வந்தது, அதற்காகவே கடைசித் தேதியை ஜூலை 27 வரை நீட்டித்தார்கள். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 250. முன்னாலேயே போடுவதால் சான்றிதழ் சரிபார்ப்பில் ஏதாவது தட்டினால் சரிசெய்ய நாள் இருக்கும். வரிசையில் முன்னால் போக முடியாது, ஆனால் வரிசையிலிருந்து விழாமல் இருக்கலாம்.

இன்னொன்று. பிரவுசிங் சென்டரில் போடும்போது அவர்களுடைய கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுக்க விடாதீர்கள். கடவுச்சொல் அதற்குத்தான் வரும். ஜூலையில் இட ஒதுக்கீடு வந்து இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டிய நேரத்தில் அந்தக் கடைக்காரர் ஊரில் இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? வீட்டில் இணையம் இல்லாதவர்களுக்கு என்றே உதவி மையங்கள் இருக்கின்றன. அந்தந்த ஆண்டின் பட்டியல் சேர்க்கை இணையதளத்தில் இருக்கும். அங்கே காசு வாங்காமல் செய்து கொடுப்பார்கள்.

நான்காம் படி: கலை அறிவியல் கல்லூரிக்கு மெய்யாகவே முந்துங்கள்

இதில் இரண்டு வகை. கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரி, திருப்பூர் சிக்கண்ணா, எல்ஆர்ஜி, உடுமலை அரசு கலைக் கல்லூரி போன்றவற்றுக்கு அரசின் பொது இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே கல்லூரிவாரியாகத் தரவரிசை போட்டு மதிப்பெண்படிதான் கூப்பிடுகிறார்கள், தேதிக்கு மதிப்பில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலந்தாய்வு நாளில் நேரில் போகாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். குறுஞ்செய்தியை மட்டும் நம்பாமல் கல்லூரியின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளும் தனித்தனியாக விண்ணப்பம் கொடுக்கும். நம் பக்கம் பி.காம், பி.காம் சிஏ, கணினி அறிவியல் மூன்றுக்கும்தான் அடிதடி. ஆடிட்டர் அலுவலகம், பனியன் ஏற்றுமதி, நிதி நிறுவனம் என்று வேலை இருக்கும் ஊர் என்பதால் பி.காமுக்கு இவ்வளவு மவுசு. பெயர்பெற்ற கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவு இடங்கள் தேர்வு முடிவு வந்த சில நாட்களிலேயே நிரம்பிவிடும். இங்கே ஏப்ரலிலேயே விண்ணப்பம் வாங்கி வைத்தவருக்கும் ஜூன் பாதியில் போய் நிற்பவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முடிவு வந்த அன்றே மதிப்பெண் பட்டியலை இணையத்தில் எடுத்துக்கொண்டு போகும்படி தயாராக இருங்கள். இரண்டு மூன்று கல்லூரிகளுக்காவது விண்ணப்பியுங்கள், விண்ணப்பக் கட்டணம் பெரிய தொகை இல்லை. பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் பிள்ளையும் ஒரு பி.எஸ்சி. விண்ணப்பம் போட்டு வைப்பது நல்லது.

எந்தக் கல்லூரியானாலும் அது கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்திலோ சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலோ இணைந்ததா, அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்பதைக் கட்டணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: "இப்பவே பிளாக் பண்ணுங்க" என்றால் நிதானியுங்கள்

மார்ச் மாதம் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே கைப்பேசியில் அழைப்பு வரத் தொடங்கும். "இன்ஜினியரிங் சீட்டு முடியப்போகுது, இப்ப அட்வான்ஸ் கட்டினா கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி, ரிசல்ட் வந்த பின்னாடி ரேட்டு ஏறிரும்." இது நிர்வாக ஒதுக்கீட்டு வியாபாரம். இதில் முந்தினால் இடம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இடம் உங்களுக்கு வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அதே கல்லூரியில் அதே பிரிவில் கலந்தாய்வு வழியாகவும் இடம் இருக்கிறது. அங்கே அரசின் கட்டணக் குழு நிர்ணயித்த கட்டணம்தான். முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5 சதவீத ஒதுக்கீட்டின் முழுக் கட்டணச் சலுகையும் கலந்தாய்வில் வந்தவர்களுக்கு மட்டும். ஏப்ரலில் பயந்துபோய் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்ட பிள்ளைக்கு மே மாதம் 180 கட் ஆஃப் வந்தால், கிடைத்திருக்க வேண்டிய சலுகை எல்லாம் போய்விடும். காடு அடமானம் வைத்துக் கட்டியவர்கள் நம் ஊர்களில் உண்டு. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: பிளஸ் டூ மதிப்பெண் கைக்கு வரும்வரை எந்தப் பொறியியல் கல்லூரிக்கும் பணம் கட்டாதீர்கள். மதிப்பெண் வந்த பிறகு, சென்ற ஆண்டுக் கட் ஆஃப் பட்டியலை வைத்துப் பார்த்து, கலந்தாய்வில் நீங்கள் விரும்பும் இடம் கிடைக்க வழியே இல்லை என்று தெரிந்தால் அப்போது யோசிக்கலாம்.

ரசீது இல்லாமல் பணம் கொடுக்கவே கூடாது. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று உயர்கல்வியைக் கண்காணிக்கும் மத்திய அமைப்புகளான யுஜிசியும் ஏஐசிடிஇயும் விதி வைத்திருக்கின்றன. குறித்த தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவும் விதி உண்டு. விலகுவதாக இருந்தால் எழுத்தில் கொடுத்து, நகலில் கல்லூரி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது.

ஆறாம் படி: நுழைவுத் தேர்வு வழி

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அதாவது டீம்டு யுனிவர்சிட்டிகள் சில, தங்கள் நுழைவுத் தேர்வைப் பல கட்டமாக நடத்துகின்றன. முதல் கட்டத்தில் எழுதுகிறவருக்கு எல்லா இடமும் காலியாக இருக்கும், கடைசிக் கட்டத்தில் எழுதுகிறவருக்கு மிச்சம்தான். தேர்வு நாளையும் மையத்தையும் நாமே பதிவு செய்யும் தேர்வுகளில் முந்தினவருக்குப் பக்கத்து ஊர் மையம் கிடைக்கும், பிந்தினவர் வெளியூர் போக வேண்டியிருக்கும். இங்கே முந்துவதில் பலன் உண்டு.

என்ஐடி போன்ற மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கிறது, இரண்டில் எது நல்ல மதிப்பெண்ணோ அதை எடுத்துக்கொள்வார்கள். ஜனவரித் தேர்வுக்கு விண்ணப்பிப்பவருக்கு இரண்டு வாய்ப்பு, ஏப்ரலுக்கு மட்டும் விண்ணப்பிப்பவருக்கு ஒன்றுதான். அந்த வகையில் முந்துவது நல்லது. மதிப்பெண்ணிலும் வயதிலும்கூட இருவர் ஒன்றாக இருந்தால் விண்ணப்ப எண் சிறியவருக்கு முன்னிடம் என்ற விதி இந்தத் தேர்வில் சில ஆண்டுகள் இருந்தது. 'முதல் நாளே போடு' என்ற பேச்சுக்கு அதுவும் ஒரு காரணம். 2025-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

இதில் முந்தக் கூடாத காகிதம் ஒன்றும் இருக்கிறது. என்ஐடி, ஐஐடி சேர்க்கைக்கு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் இடம் கேட்பவர்களுக்கு மத்திய அரசு வடிவத்திலான ஓபிசி சான்றிதழ் வேண்டும். அது அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். ஜனவரியில் மற்றவற்றோடு சேர்த்து இதையும் வாங்கிவிட்டால் செல்லாது, மறுபடியும் வாங்க வேண்டும். மாநில அரசின் சாதிச் சான்றிதழ் வேறு, இது வேறு.

ஏழாம் படி: வெளிநாட்டுக்கு என்றால்

திருப்பூர் ஏற்றுமதிக் குடும்பங்களிலும் கோயம்புத்தூர் சர்வதேசப் பள்ளிகளிலும் இப்போது இளநிலைப் படிப்புக்கே அமெரிக்கா போகும் பேச்சு வந்துவிட்டது. 'ஏர்லி' என்ற சொல் அங்கிருந்துதான் அதிகம் கேட்கிறது.

அமெரிக்கக் கல்லூரிகளில் 'ஏர்லி டிசிஷன்' என்று ஒரு வழி உண்டு. பெரும்பாலும் நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பித்தால் டிசம்பர் பாதியில் முடிவு தெரியும். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் இப்படிப் போட முடியும், கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். 'ஏர்லி ஆக்‌ஷன்' அப்படிக் கட்டிப்போடாது. வழக்கமான விண்ணப்பம் ஜனவரித் தொடக்கத்தில் முடியும், முடிவு மார்ச் கடைசியில் வரும்.

முந்திப் போட்டவர்களில் இடம் கிடைப்போர் சதவீதம் பல கல்லூரிகளில் கூடுதலாகத் தெரியும். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கல்லூரி முன்பே பேசி வைத்த விளையாட்டு வீரர்களும், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும், நன்றாகத் தயாரானவர்களும் அந்தக் கூட்டத்தில் அதிகம். இருந்தாலும் எல்லாமே அதனால்தான் என்றும் சொல்ல முடியாது. ஹார்வர்டு பொருளியலாளர்கள் கிறிஸ்டோபர் ஏவரியும் ரிச்சர்ட் ஜெக்ஹவுசரும் ஆண்ட்ரூ ஃபேர்பேங்ஸுடன் சேர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள மாணவர்களை ஒப்பிட்டாலும் முந்தி விண்ணப்பிப்பது அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் ஏறக்குறைய 100 மதிப்பெண் கூடுதலாக எடுத்ததற்குச் சமமான பலனைத் தருகிறது என்று கண்டார்கள். கட்டாயம் சேர்வேன் என்று கையெழுத்துப் போடும் மாணவர் கல்லூரிக்கு லாபம். வகுப்பில் கணிசமான பகுதியை அவர்களை வைத்தே நிரப்பிவிடுகிறார்கள்.

நம் குடும்பங்கள் பார்க்க வேண்டியது பணத்தை. வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்டால், பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் அதையும் கணக்கில் வைத்துத்தான் இடம் தருகின்றன. ஏர்லி டிசிஷனில் போய்விட்டால் நான்கு கல்லூரிகள் தரும் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. முழுச் செலவையும் வீட்டிலிருந்து கட்ட முடியும், அந்தக் கல்லூரிதான் முதல் விருப்பம் என்றால் மட்டும் போடுங்கள். உதவித்தொகை வேண்டும் என்றால் ஏர்லி ஆக்‌ஷன் போதும். வருகிற வரிசைப்படி விண்ணப்பங்களை முடிவு செய்யும் மாநிலப் பல்கலைக்கழகங்களும் உண்டு, அவற்றுக்கு முந்துவது எப்போதும் நல்லது.

பிரிட்டனில் கதை வேறு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கு அக்டோபர் 15 கடைசி. மற்றவற்றுக்கு ஜனவரியில் ஒரு தேதி குறித்து, அதற்குள் வந்த எல்லா விண்ணப்பங்களையும் சமமாகப் பார்ப்பார்கள். நம் பொறியியல் கலந்தாய்வைப் போலத்தான், அந்தத் தேதிக்குள் போட்டால் போதும்.

எட்டாம் படி: இடம் கிடைத்த பிறகும், கிடைக்காவிட்டாலும்

ஒதுக்கீட்டுக் கடிதம் வந்த அன்றே விடுதிக்குப் பேசுங்கள். கல்லூரி விடுதி பெரும்பாலும் முதலில் வந்தவருக்கே. கோபியிலிருந்தோ வெள்ளகோவிலிலிருந்தோ தினமும் கோயம்புத்தூர் பஸ்ஸில் போய் வருவது முதல் மாதம் சரியாக இருக்கும், அப்புறம் படிப்பு கெடும். வங்கிக் கடன் வேண்டுமானால் அதே வாரத்தில் வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிந்துவிடுங்கள். 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டம், ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்ட் 9 அன்று கோயம்புத்தூரில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரியில் சேர்ந்ததும் பதிவு செய்யும் அலுவலர் யார் என்று கேளுங்கள்.

கலந்தாய்வில் கிடைத்த இடம் பிடித்திருக்கிறது, ஆனாலும் இன்னும் மேலே ஒன்றுக்கு ஆசை என்றால், ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படிச் செய்தவர்கள் குறித்த நாளுக்குள் உதவி மையத்தில் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கையிலிருப்பதும் போய்விடும்.

மூன்று சுற்றிலும் இடம் கிடைக்கவில்லை என்றால் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. பிளஸ் டூ மறுதேர்வு எழுதித் தேறியவர்களும் விண்ணப்பிக்கத் தவறியவர்களும் அதில் கலந்துகொள்ளலாம். அரசு கலைக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கலந்தாய்வுக்குப் பிறகு மிஞ்சும் இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும். அந்த இடங்களுக்கு முதலில் வந்தவருக்குத்தான் முதல் இடம் என்பதால், அறிவிப்பு வந்த காலையிலேயே அசல் சான்றிதழ்கள், இரண்டு மூன்று நகல், புகைப்படம், முதல் தவணைப் பணம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அப்பாவோ அம்மாவோ கூடவே போய்விடுங்கள்.